பாம்பின் வீட்டுக்குள் போன ‘நாம்’

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோழர் மறைந்த பிறகு ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் இதுவரை பேசியவர்கள் பஞ்சமி நிலம் பற்றிப் பேசியிருக்கிறார்கள், இடஒதுக்கீடு பற்றிப் பேசியிருக்கிறார்கள், தலித் இலக்கியம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். என்னிடம் தலைப்பு கேட்டபோது ‘நகரத்தில் காட்டு விலங்குகள்’ என்று சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அமைப்பாளர் கேட்டார்: “தோழர், நம்ம கூட்டத்துக்குத்தானே சொல்றீங்க?”

அவர் கேட்டது நியாயம்தான். மான், மயில், பாம்பு என்றால் அது வேறு யாரோ பேசுகிற விஷயம் என்று நாமும் ஒதுக்கி வைத்துவிட்டோம். கேமராவும் பைனாகுலரும் வைத்திருப்பவர்களின் விஷயம் அது. ஆனால் இந்த நகரத்தில் ஒரு பாம்பு யார் காலைக் கடிக்கிறது, அதைப் பிடிக்க யாரைக் கூப்பிடுகிறார்கள், அது செத்தால் யார் அள்ளிப் போடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று கேள்விக்கும் பதில் நம் தெருவில்தான் வந்து நிற்கும்.

கிண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜூலை 7 அன்று தாத்தா இரட்டைமலை சீனிவாசனின் பிறந்தநாளுக்கு மாலை போட நாம் காந்தி மண்டப வளாகத்துக்குப் போகிறோம். அங்கே மணிமண்டபத்துக்குப் பின்னால் கம்பிவேலி, வேலிக்கு அப்பால் மரங்கள். போன முறை கோஷம் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தபோது, வேலியோரம் நான்கைந்து புள்ளிமான்கள் வந்து நின்றன. பறையடித்து முடித்திருந்த தம்பிகள் போட்டோ எடுத்தார்கள். ஒரு தம்பி சொன்னான்: “அண்ணே, இதுங்களுக்கு மெயின் ரோட்டுல 270 ஹெக்டேர். நமக்கு 300 சதுர அடி, அதுவும் ஊருக்கு வெளிய.” எல்லோரும் சிரித்தோம். 270 ஹெக்டேர் என்பது அவன் சும்மா அடித்துவிட்ட கணக்கு இல்லை. கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு அவ்வளவுதான், பலகையிலேயே எழுதியிருக்கிறது. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மாநகரத்தின் நடுவில் ஒரு காடு இருப்பது நல்லது, அது இன்னும் பெரிதாக இருந்தாலும் நல்லதே. மான்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் தம்பி கணக்குப் போட்ட விதம் எனக்குள்ளேயே தங்கிவிட்டது. மானுக்கு நகரத்துக்குள் இடம் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அடையாற்றுக் கரையிலும் கூவக் கரையிலும் மூன்று தலைமுறையாக இருந்தவர்களை அதே சட்டத்தின் மொழி ‘ஆக்கிரமிப்பாளர்’ என்கிறது.

இந்த ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லோடு இன்னொரு வாசகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு அடுக்ககத்துக்குள் பாம்பு வந்தால் போதும், மறுநாள் யாராவது எழுதுவார்கள்: “பாம்பு நம் வீட்டுக்குள் வரவில்லை, நாம்தான் அதன் வீட்டுக்குள் போய்விட்டோம்.” நல்ல மனதோடு எழுதுகிற வரிதான். நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். சமூகவியல் படித்தவனுக்கு வரவேண்டிய முதல் சந்தேகம் எனக்கு அப்போது வரவில்லை: இதில் ‘நாம்’ என்பது யார்?

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். தென்சென்னையின் மழைநீரெல்லாம் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலில் சேர்வதற்காக இயற்கை வைத்திருந்த சதுப்பு நிலம். முன்பு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் இருந்தது, இப்போது மிஞ்சியிருப்பது அதில் ஒரு துண்டு. 2022இல் அந்தத் துண்டுக்கு ராம்சர் தகுதி கிடைத்தது. நடுவில் என்ன நடந்தது? நகரத்தின் குப்பையைப் பெருங்குடியில் கொண்டுபோய் அதன் மேலேயே கொட்டினார்கள். பறக்கும் ரயில் பாதை போனது. கடல்சார் தொழில்நுட்பத்துக்கும் காற்றாலை ஆற்றலுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் அதன் மடியிலேயே எழுந்தன. ராஜீவ் காந்தி சாலையில் கணினி நிறுவனங்கள் வந்தன, அவற்றில் வேலை செய்பவர்களுக்கு அடுக்ககங்கள் வந்தன. இவர்களெல்லாம் வரைபடம் பார்த்து, பத்திரம் பதிந்து, கடன் வாங்கி, அந்த நிலத்துக்குள் போனவர்கள்.

இன்னொரு கூட்டமும் போனது. 2000இலிருந்து கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் எட்டு மாடி எட்டு மாடியாகப் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேல் வீடுகள். இந்த மக்கள் பாம்பின் வீட்டுக்குள் போனவர்கள் அல்லர், கொண்டுபோய் இறக்கப்பட்டவர்கள். பரீட்சைக்கு முந்தின நாள், மழைக்கு முந்தின வாரம் என்று பார்க்காமல் லாரியில் ஏற்றி, சட்டிபானையோடு, பாதி உடைந்த பீரோவோடு இறக்கினார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள், பறையர், அருந்ததியர், கூடவே மீனவர், முஸ்லிம்கள். ‘நாம்தான் அதன் வீட்டுக்குள் போய்விட்டோம்’ என்கிற வரியில் பத்திரம் பதிந்தவரும் லாரியில் இறக்கப்பட்டவரும் ஒரே சொல்லுக்குள் நிற்கிறார்கள். குற்றத்தில் மட்டும் சமபங்கு!

அந்த லாரிகளில் ஒன்றில் என் அம்மாவும் இருந்தார். எங்களை இறக்கிய இடத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, எல்லா இடத்திலும் இதே கதைதான். தரைத்தளத்தில் வீடு. பின்பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவர், அதற்கு அப்பால் கோரைப்புல்லும் தண்ணீரும். குப்பை வண்டி வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். குப்பை சேர்ந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும், இதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. முதல் மழைக்காலத்தில் தண்ணீர்ப்பாம்பு குளியலறைக்குள் வந்தது. பிறகு சாரை. அம்மா கூவக்கரையில் வளர்ந்தவர், பாம்புக்குப் பழக்கப்பட்டவர் இல்லை. கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினார். அந்தக் கட்டில் இப்போதும் அந்த உயரத்திலேயே இருக்கிறது.

எங்கள் பிளாக்கில் ஒரு அக்கா. வீட்டுவேலைக்குப் போகிறவர். முன்பு குடிசையிலிருந்து நடந்தே போய் மூன்று வீடுகளில் வேலை பார்த்தவர். இங்கே வந்த பிறகு பழைய வீடுகள் தூரமாகிவிட்டன, சதுப்பு நிலத்தின் அந்தப் பக்கம் இருந்த ஒரு புதிய அடுக்ககத்தில் வேலை பிடித்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு ஷேர் ஆட்டோ. வீட்டிலிருந்து ஆட்டோ நிற்கும் இடம்வரை சுவரோரமாக ஒரு பாதை, அதில் மூன்று கம்பங்கள், மூன்றிலும் விளக்கு இல்லை. ஒரு நவம்பர் மாதம் அந்தப் பாதையில் கண்ணாடி விரியனை மிதித்துவிட்டார்.

கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது. ஈறில் கசியும், கால் வீங்கும், கவனிக்காவிட்டால் சிறுநீரகம் கெடும். அக்காவை ஆட்டோவில் தூக்கிப்போட்டு முதலில் கொண்டுபோன இடத்தில் விஷமுறிவு மருந்து இல்லை. அங்கிருந்தவர் “என்ன பாம்பு, அடிச்சுக் கொண்டாந்தீங்களா?” என்று கேட்டார். அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. பிழைத்துக்கொண்டார். நான்கு முறை டயாலிசிஸ், ஒரு கால்விரல் போனது, இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது அந்த வீட்டில் வேறு ஆள் இருந்தார்.

அதே மழைக்காலத்தில், அக்கா வேலை பார்த்த அந்த அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்திலும் ஒரு நல்லபாம்பு வந்தது. ஒரே சதுப்பு நிலம், ஒரே மழை. அங்கே பாதுகாவலர் கதவை மூடினார். சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் பாம்பு மீட்பவரின் எண் இருந்தது. அவர் கொக்கியும் பையும் கொண்டுவந்து பிடித்துப் போனார். குழந்தைகள் மாடியிலிருந்து பார்த்தார்கள். வாட்ஸப்பில் வீடியோ வந்தது, “நகரத்தில் ஒரு அற்புதச் சந்திப்பு” என்று. அவர்கள் செய்தது எதுவும் தவறில்லை, பாம்பை அடிக்காமல் விட்டார்கள், அது சரிதான். அக்காவுக்கும் அப்படி ஒரு சந்திப்பு வாய்த்திருக்கலாம். அதற்குத் தேவைப்பட்டது ஒரு தெருவிளக்கு.

நகரத்து விலங்குகள் செய்தியாகிற விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது பெருங்களத்தூர் பக்கம் சாலையைக் கடந்த ஒரு முதலையின் வீடியோ நாடு முழுக்க ஓடியது. அந்த இரவுகளில் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இடுப்பளவு தண்ணீரில் மனிதர்கள் நின்றிருந்தார்கள். அதே வெள்ளத்தில் வடசென்னையில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. இறகெல்லாம் எண்ணெய் படிந்த கூழைக்கடாவின் படத்தைப் பார்த்து நாமும் பதறினோம், பதற வேண்டியதுதான். அந்த எண்ணெயை மீனவர்கள் படகிலிருந்து பக்கெட்டால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களும் வந்தன. எந்தப் படம் அதிகம் பகிரப்பட்டது என்று நீங்களே உங்கள் போனில் பழைய பக்கங்களைத் தேடிப் பாருங்கள்.

பாம்புக்கடிக்குத் திரும்புகிறேன். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 58 ஆயிரம். பெரும்பாலும் கிராமம், பெரும்பாலும் விவசாய வேலை, பெரும்பாலும் மழைக்காலம், கடி விழுவது பெரும்பாலும் காலில். அதாவது செருப்பில்லாமல் அடுத்தவன் வயலில் நிற்கிறவனின் சாவு இது. உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக ஆக்கியது; இனி ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள், தனியார் உட்பட, அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல நடவடிக்கை. எங்கள் அக்காவின் கால் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போன காலம் அது.

அக்காவுக்கு ஏற்றிய அந்த மருந்து எங்கிருந்து வந்தது? நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து எடுப்பதுதான் விஷமுறிவு மருந்து. அந்த விஷத்தை நீண்டகாலமாக நாட்டின் மருந்து நிறுவனங்களுக்குத் தந்துவருபவர்கள் இருளர்கள். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம். 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர்களின் பிழைப்பை ஒரே அடியில் நிறுத்தின. தோல் வியாபாரத்தில் காசு பார்த்தவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். பிடித்துக் கொடுத்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியும் சேர்ந்து 1978இல் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு மீண்டும் விட்டுவிடுவார்கள். அதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும், அனுமதி தாமதமானால் அடுப்பும் தாமதம்.

2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் மலைப்பாம்பு பெருகி அவர்களால் கண்டுபிடிக்க முடியாமல் திணறியபோது, செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இவர்கள் சமூகத்துப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காக இன்னும் கோட்டாட்சியர் அலுவலகங்களின் வாசலில் நிற்கிறார்கள். ‘நீ இருளர் என்பதற்கு என்ன ஆதாரம்’ என்று கேட்கிறவர்களே வீட்டுக்குள் பாம்பு வந்தால் ஆதாரம் கேட்காமல் இருளரைத் தேடுகிறார்கள். ‘ஜெய்பீம்’ படத்தில் அந்த வீட்டுக்குள் பாம்பு பிடிக்க ராசாக்கண்ணுவை அழைப்பார்கள் அல்லவா? பிறகு நகை காணோம் என்றதும் முதலில் அவன் பெயர்தான் வரும். பாம்பு போன தடத்தைப் பார்க்கத் தெரிந்தவன் என்பதே அவன்மேல் குற்றமாகிறது. அந்தக் காட்சியை நாம் எல்லோரும் கைதட்டிப் பார்த்தோம்.

கைதட்டிய பிறகு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

அக்காவைக் கடித்த இரண்டு வாரம் கழித்து, எங்கள் பிளாக்கில் படிக்கட்டுக்குக் கீழே இன்னொரு பாம்பு புகுந்துகொண்டது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டோம், வண்டி வேறு எங்கோ போயிருந்தது. யாரோ போய் ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த ஒரு இருளர் பெரியவரைக் கூட்டிவந்தார்கள். லுங்கி, மேல்சட்டை இல்லை, கையில் ஒரு கம்பி. குனிந்து தரையைப் பார்த்தார், மோந்து பார்த்தார், பழைய மரப்பலகையை நகர்த்தினார். இன்னொரு கண்ணாடி விரியன். கோணிப்பைக்குள் விட்டு முடிச்சுப் போட்டார். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முகத்தில் பெருமையும் இல்லை, பயமும் இல்லை. “தண்ணி குடும்மா” என்று என் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா உள்ளே போனார். எங்கள் வீட்டில் ஆறு எவர்சில்வர் டம்ளர்கள் உண்டு, அம்மா கல்யாணத்தில் வந்தவை, லாரியில் அவர் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. அம்மா வெளியே வந்தபோது கையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் கப். விசேஷத்துக்கு வாங்கி மிச்சமிருந்தது. பெரியவர் அதை வாங்கி, வாயில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்துவிட்டு, கப்பைத் தானே நசுக்கிக் குப்பையில் போட்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் அங்கே நின்றிருந்தேன். எம்.ஏ. முடித்தவன், சாதியின் படிநிலை பற்றி இருபது பக்கம் கட்டுரை எழுதியவன். என் தாத்தாவுக்குத் தேநீர்க் கடையில் சிரட்டை நீட்டப்பட்டதைக் கூட்டம் கூட்டமாகப் பேசியவன். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு அம்மாவிடம் கேட்டேன். “பாம்பு தொட்ட கைடா” என்றார். அவ்வளவுதான். அம்மாவின் முகத்தில் குற்றவுணர்வும் இல்லை, வெறுப்பும் இல்லை. காரணம் தயாராக இருந்தது. எங்கள் பாட்டிக்கும் ஒரு காரணம் சொன்னார்கள்: செத்த மாடு தொட்ட கை.

நான் இதைத் தோழரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் திட்டவில்லை. மகாத் பற்றிக் கேட்டார். 1927இல் சவுதார் குளத்தில் ஆடு மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், தீண்டப்படாதவர் குடிக்கக் கூடாது. அண்ணல் அந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார், நமக்குத் தெரிந்த கதை. அதே மாநாட்டில் செத்த மாட்டிறைச்சியையும் இழிதொழிலையும் விடச் சொன்னதையும் தோழர் நினைவுபடுத்தினார். “செத்த விலங்கை அள்ளுறதை நம்மளில் பாதிப்பேர் விட்டாச்சு. மீதிப்பேர் மாநகராட்சி காண்ட்ராக்ட்ல அள்ளிக்கிட்டிருக்காங்க. உயிரோட இருக்கிற விலங்கைத் தொடுறவனை நாம எங்க வெச்சிருக்கோம்?” என்றார். அதன்பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், கேள்வியைக் கையில் கொடுத்துவிட்டு டீ சொல்லப் போய்விடுவார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்களில் பலர் ஆய்வேடு எழுதப் போகிறீர்கள். தயவுசெய்து ‘மனித - விலங்கு மோதல்’ என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள், அந்தத் தலைப்பில் மனிதன் என்று ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். ஒரு மறுகுடியமர்வுப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் போய் எத்தனை கம்பத்தில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, இரவில் அதைப் போட மருத்துவர் இருக்கிறாரா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது, எடுக்கிறவருக்குப் பூட்ஸும் கையுறையும் உண்டா என்று பாருங்கள். பிறகு சாலையைக் கடந்து எதிரில் இருக்கும் அடுக்ககத்தில் இதே கேள்விகளைக் கேளுங்கள். அடுத்து ஏரிக்கரைக்குப் போங்கள், அங்கே இருளர் குடிசைகளுக்கு மின்சாரம் இருக்கிறதா, பட்டா இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே தண்ணீர் தந்தால் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.

அந்தப் பாதைக்கு விளக்கு வந்த கதையைச் சொல்லி முடிக்கிறேன். ஆறு மனு, ஒரு மறியல், இரண்டு ஆண்டுகள். மூன்று கம்பத்தில் இரண்டு எரிகிறது. அக்கா இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார், காலில் ஷூ போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு தரையைத் தட்டிக்கொண்டே நடக்கிறார். பெரியவர் குடிசை போட்டிருந்த ஏரிக்கரையை அழகுபடுத்தப் போவதாகச் சொல்லி, அங்கிருந்த குடும்பங்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். எங்கே போனார் என்று தெரியவில்லை. போன மழைக்காலத்தில் எங்கள் பிளாக்கில் மறுபடியும் பாம்பு வந்தபோது அவரைத் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அங்கே நடைபாதையும் ஒரு பெஞ்சும், பறவைகளின் படம் போட்ட பெரிய பலகையும் இருந்ததாம்.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அந்தாளு பேரு என்னடா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாங்கள் யாருமே கேட்டிருக்கவில்லை.